கில்லட்டின் யந்திரத்தின் வரலாறு

ஒரு கருவி எந்நோக்கத்துடன் ஆக்கப்படுகின்றதோ, அந்நோக்கத்திற்கு மட்டுமே அது பயன்படும் என்று கூறுவதற்கில்லை. பிரான்ஸ் தேசத்தில் தோன்றிய கில்லட்டின் என்னும் சிரச்சேத யந்திரம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

மன்னராட்சிக் காலத்துப் பிரான்ஸில் மரண தண்டனையின் முறை குற்றவாளியின் அந்தஸ்தைப் பொறுத்திருந்தது. பிரபுக்கள் வாளால் வெட்டப்பட்டனர். சாதாரண மக்கள் தூக்கிலிடப்பட்டனர். சில குற்றங்களுக்குச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறிக்கும் கொடுமையும் வழக்கிலிருந்தது. தேசிய சபையின் உறுப்பினரும் வைத்தியருமான ஜோசப் கில்லட்டின், 1789-ஆம் ஆண்டில், ஒரே வகைக் குற்றத்திற்கு அனைவருக்கும் ஒரே வகைத் தண்டனை வேண்டுமென்றும், மரண தண்டனையை வேதனையின்றி ஒரு யந்திரத்தால் நிறைவேற்ற வேண்டுமென்றும் பிரேரேபித்தார்.

யந்திரத்தை அமைத்தவர் அவரல்லர். 1792-இல் அந்த்வான் லூயி என்னும் அறுவை வைத்தியர் அதன் அமைப்பை விவரித்தளிக்க, தோபியாஸ் ஷ்மித் என்னும் இசைக்கருவித் தச்சர் அதனைச் செய்து முடித்தார். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலும் இத்தகைய யந்திரங்கள் முன்னரே இருந்தன.

செங்குத்தான இரு தூண்களின் உட்புறக் காடிகளில் பளுவேற்றிய கத்தி வழுக்கி இறங்கும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையை அடைய ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஆகும். விளிம்பு சாய்வாக இருந்தமையால், கத்தி முழுவதும் ஒருங்கே மோதாமல், இழுத்து அறுப்பது போன்று வெட்டியது.

1792 ஏப்ரல் 25-ஆம் நாள் இது முதன்முதலாக உபயோகிக்கப்பட்டது. 1793 ஜனவரி 21-ஆம் நாள் மன்னர் பதினாறாம் லூயியும் இதற்கே இரையானார். சமத்துவம் கைகூடியது, ஆயினும், வெட்டுவோனின் கைத்திறனும் களைப்பும் இனி ஒரு தடையாகாமையால், ஒரே நாளில் பலரைக் கொல்வதும் எளிதாயிற்று. 1793-94-ஆம் ஆண்டுகளின் பயங்கர ஆட்சியில் பாரிஸில் மட்டும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். வைத்தியர் கில்லட்டினும் இதனாலேயே இறந்தார் என்னும் கதை உண்மையன்று; அவர் 1814-இல் இயற்கை மரணமெய்தினார்.

இவ்யந்திரம் பொதுமக்கள் முன்னிலையில் 1939-இலும், சிறைக்குள் 1977-இலும் கடைசி முறையாக இயங்கியது. 1981-இல் பிரான்ஸ் மரண தண்டனையையே ஒழித்தது.

வேதனையைக் குறைக்கும் வழியை விஞ்ஞானம் காட்டக்கூடும். உயிரைப் பறித்தல் தகுமா என்னும் வினா யந்திர நுட்பத்தால் தீர்வதன்று. பிரான்ஸில் அது சட்டத்தினாலேயே தீர்க்கப்பட்டது.