விண்மீன் பார்க்க விலை என்ன?

ஆசைக்கும் அளவில்லை, ஆகாயத்திற்கும் அளவில்லை. இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தால் மனிதனின் பணப்பை என்ன பாடுபடும்! தபால்தலை சேர்ப்பவர், நாணயம் சேர்ப்பவர், வீணை பயில்பவர் என்று பொழுதுபோக்கு உடையோர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் வானத்தை நோக்குவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் உண்டு. இவர்கள் ஆய்வுக்கூடங்களில் சம்பளம் பெறும் விஞ்ஞானிகள் அல்லர். பகலெல்லாம் பள்ளியிலோ அலுவலகத்திலோ கடையிலோ உழைத்துவிட்டு, இரவில் மொட்டை மாடிக்கு ஏறுகின்றவர்கள். வானியல் ஆர்வலர்கள் என்று இவர்களை அழைக்கிறோம்.

"அது பணக்காரர்களின் விளையாட்டு, நமக்கு எட்டாது" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தொலைநோக்கி என்றதுமே லட்சக்கணக்கான ரூபாய்தான் நம் மனக்கண்முன் நிற்கிறது. இந்த எண்ணம் சரிதானா? வானியல் ஆர்வலர்கள் எதற்காக, எவ்வளவு செலவிடுகிறார்கள்? பணமில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? சற்றே ஆராய்வோம்.

பணம் எதை வாங்குகிறது?

தொலைநோக்கி பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அதன் முதல் வேலை ஒளியைச் சேகரிப்பதாகும். மழைநீரைப் பிடிக்க வாயகன்ற பாத்திரத்தை வைப்பது போல, விண்மீனின் ஒளியைப் பிடிக்க அகன்ற வில்லையோ ஆடியோ வேண்டும். இருட்டில் நம் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. அளவுக்கு விரிகிறது. 50 மி.மீ. அகலமுள்ள வில்லை, கண்ணைவிட ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைத் திரட்டும். 150 மி.மீ., அதாவது 6 அங்குல ஆடி, ஏறத்தாழ 460 மடங்கு திரட்டும். எனவே தொலைநோக்கி வாங்குபவர் ஒளியை விலைக்கு வாங்குகிறார் எனலாம்.

ஆனால் அகலம் இரு மடங்கானால் விலை இரு மடங்கோடு நிற்பதில்லை. கண்ணாடியின் எடை கூடும். அதைத் தாங்கும் குழாயும் காலும் பருக்கும். ஆடியின் வளைவைத் துல்லியமாகத் தேய்ப்பதும் கடினமாகும். ஆகவே விலை தாவி ஏறுகிறது.

செலவின் ஏணிப்படிகள்

முதற்படிக்குச் செலவே இல்லை. குழந்தை இயேசுவைத் தேடி வந்த கீழ்த்திசை ஞானிகளிடம் பொன் இருந்தது. ஆயினும் விண்மீனைக் காண அப்பொன்னில் ஒரு குன்றிமணி எடைகூடச் செலவாகவில்லை! வெறுங்கண்ணும் ஒரு விண்மீன் படமும் இருந்தால், ஓராண்டுக்குள் முக்கியமான விண்மீன் கூட்டங்களையெல்லாம் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் படி, இரு கண்களாலும் பார்க்கும் இருகண் நோக்கி. 50 மி.மீ. வில்லையும் 10 மடங்கு உருப்பெருக்கமும் உடைய ஒன்று ரூ.5,000 முதல் ரூ.10,000 வரையில் கிடைக்கிறது. 1610ஆம் ஆண்டு கலிலியோ வியந்து கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் அதனை அசையாமல் பிடித்துப் பார்த்தால் நாம் காணலாம்.

மூன்றாம் படி, 6 அங்குல ஆடித் தொலைநோக்கி. எளிய மரத்தாங்கியோடு இது ரூ.30,000, ரூ.40,000 அளவில் வருகிறது. சனிக்கோளின் வளையம், நிலவின் மலைகளும் பள்ளங்களும், ஓரியன் வாயுமண்டலம் ஆகியவை இதில் கண்கொள்ளாக் காட்சிகளாகும்.

அதற்கு மேலேதான் பணப்பைக்கு ஆபத்து! வானத்தைப் படமெடுக்க ஆசைப்பட்டால், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக மணிக்கு 15 பாகை வீதம் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் தாங்கி வேண்டும். தொலைநோக்கியைவிடத் தாங்கியின் விலை மிகுந்துவிடுவதும் உண்டு. பிறகு நிறச்சிதறல் இல்லாத உயர்ந்த வில்லைகள், குளிர்விக்கும் அமைப்புள்ள காமிரா, வண்ண வடிகட்டிகள் என்று பட்டியல் நீள்கிறது. கண்ணருகு வில்லை ஒன்றே ஒரு சிறு தொலைநோக்கியின் விலைக்கு விற்பதும் உண்டு. இந்தப் படியில் நிற்பவர்கள் பல லட்சம் ரூபாய் செலவிடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்திலேயே குவிமாடம் கட்டிக்கொள்பவர்களும் இருக்கின்றனர்.

வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். "500 மடங்கு பெரிதாக்கும்" என்ற விளம்பரத்தோடு சிறு தொலைநோக்கிகள் மலிவாக விற்கப்படுகின்றன. வில்லையின் அகலம் எத்தனை மி.மீ. உள்ளதோ, அதைப்போல் இரு மடங்கு வரைதான் உருப்பெருக்கம் பயன்படும் என்பது பொதுவிதி. 60 மி.மீ. வில்லைக்கு 120 மடங்கே எல்லை. அதற்கு மேல் பெரிதாக்கினால் தெரிவது மங்கலான ஒரு திட்டுதான்!

பெருஞ்செல்வம் கண்ட சுழி

சொந்தப் பணத்தைக் கொட்டி வானம் பார்த்தவர்களில் புகழ்பெற்றவர் அயர்லாந்தின் மூன்றாம் ராஸ் பிரபு. தம் பிர் கோட்டையில் 6 அடி அகல உலோக ஆடியுடைய தொலைநோக்கியை அவர் 1845இல் அமைத்தார். அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 12,000 பவுன். அவர் மனைவி மேரி சீமாட்டி கொண்டுவந்த செல்வமும் இம்முயற்சிக்குத் துணைநின்றது. 1917 வரை உலகில் அதைவிடப் பெரிய தொலைநோக்கி இருந்ததில்லை. வானில் நீர்ச்சுழி போன்ற வடிவில் விளங்கும் மண்டலங்கள் உண்டு என்று முதன்முதலாகக் கண்டது அதுவேயாகும்.

ஆனால் அதே 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் மூண்டது. அப்பெரிய தொலைநோக்கி ஒழுங்கான வேலையைத் தொடங்காமல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருந்தது. மேரி சீமாட்டி கோட்டையைச் சுற்றிலும் கட்டட வேலைகளைத் தொடங்கி, ஐந்நூறு பேருக்கு மேல் வேலை கொடுத்தார். விண்மீன் காத்திருக்கும், பசி காத்திருக்காது. பணம் உள்ளவர்கள் எதற்கு முதலிடம் தரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வாங்க முடியாதவர்கள் செய்தார்கள்

இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இசை ஆசிரியர் வாழ்ந்தார். 1773இல் பெரிய ஆடி ஒன்றை வாங்க விலை கேட்டார். அது அவர் சக்திக்கு மீறியதாக இருந்தது. "சரி, நாமே செய்வோம்" என்று துணிந்தார். வீடே பட்டறையாயிற்று. தங்கை கரோலின் அவருக்கு வலக்கை போல் உதவினார். ஆடியை மெருகிடும்போது கையை எடுத்தால் வளைவு கெட்டுவிடும் என்பதால், அண்ணனுக்கு உணவை வாயில் ஊட்டிவிட்டார் கரோலின்! இப்படிச் செய்த, 6 அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த ஆடியால்தான் 1781 மார்ச் 13 இரவு ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டார். அதன்பின் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் வழங்கினார். ராஸ் பிரபுவின் தொலைநோக்கிச் செலவு அந்த வருமானத்தில் அறுபது ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம்!

ஊட்டிவிட்ட கரோலினும் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு சிறு தொலைநோக்கியைக் கொண்டு 1786இல் தம் முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டார். மொத்தம் எட்டு கண்டுபிடித்தார். 1787 முதல் ஆண்டுக்கு 50 பவுன் அரசச் சம்பளமும் பெற்றார். அடுப்படிக்கும் விண்வெளிக்கும் தூரம் அதிகமில்லை என்று காட்டிய அம்மையாரை மாணவிகளாகிய நாம் மறக்கலாமா?

நம் காலத்துக்கு அருகில், அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர் வேதாந்த மடம் ஒன்றில் துறவியாக இருந்தார். கையில் காசில்லாத அவர், கப்பல் சன்னலுக்குரிய தடித்த கண்ணாடியை எடுத்து, இரண்டு வட்டங்களுக்கு இடையே பொடியும் நீரும் இட்டு, ஒன்றின்மேல் ஒன்றைத் தேய்த்து ஆடி செய்தார். கான்கிரீட் தூண் வார்க்க உதவும் அட்டைக்குழாய் தொலைநோக்கியின் உடலாயிற்று. ஒட்டுப்பலகைப் பெட்டி அதன் தாங்கியாயிற்று. 1967இல் மடத்தை விட்டு வெளியேறிய பின் நண்பர்களோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் அழைத்து நிலவைக் காட்டினார். தம் அமைப்புக்கு அவர் உரிமை கொண்டாடவில்லை. அதனால்தான் இன்று உலகெங்கும் மலிவான பெரிய தொலைநோக்கிகள் "டாப்சன் வகை" என்ற பெயரோடு உலவுகின்றன.

காலமே மூலதனம்

இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஜார்ஜ் ஆல்காக் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். அவருடைய பெரிய செல்வம் நினைவாற்றலே. ஏறத்தாழ 30,000 விண்மீன்களின் இருப்பிடங்கள் அவருக்கு மனப்பாடம் என்பர். இருகண் நோக்கியில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் உடனே கண்டுகொள்வார். 1959 ஆகஸ்டில் ஐந்து நாள் இடைவெளிக்குள் இரண்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1983 மே மாதம், பூமிக்கு 47 லட்சம் கி.மீ. அருகில் வந்த ஒரு வால்நட்சத்திரத்தை வீட்டுக்குள்ளிருந்து, மூடிய சன்னல் கண்ணாடி வழியாகவே கண்டார்! அதே வால்நட்சத்திரத்தைக் கண்ட இன்னொரு "பார்வையாளர்" எது தெரியுமா? இராஸ் என்ற செயற்கைக்கோள். பெருஞ்செலவில் ஏவப்பட்ட செயற்கைக்கோளின் பெயருக்குப் பக்கத்திலேயே, ஜப்பானின் அராக்கியின் பெயரும் இந்த ஆசிரியரின் பெயரும் அவ்வால்நட்சத்திரத்துக்குச் சூட்டப்பட்டுள்ளன.

ஜவ்வாது மலைக்கு வந்த இரவல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். வங்காளத்தின் ஜெஸ்ஸூரில் ராதா கோவிந்த சந்திரர் என்பவர் அரசுக் கருவூலத்தில் எழுத்தராக இருந்தார். பகலில் அரசாங்கக் காசை எண்ணியவர், இரவில் விண்மீன்களை எண்ணினார் எனலாம். 1912இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களை இரவுதோறும் கவனித்துக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளை, மாறும் விண்மீன்களை ஆராயும் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பிவந்தார்.

அவருடைய உழைப்பைக் கண்ட அச்சங்கம், 1926இல் 6 அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த தொலைநோக்கியைக் கடல் கடந்து அவருக்கு இரவலாக அனுப்பிவைத்தது. அவர் எழுதியனுப்பிய குறிப்புகள் மொத்தம் 37,000க்கும் மேல்! பின்னாளில் அந்தத் தொலைநோக்கி வானியல் அறிஞர் வைணு பாப்புவின் கைக்கு வந்தது. அங்கிருந்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வங்காளக் கிராமத்துக்கும், அங்கிருந்து தமிழகத்து மலைக்கும் வந்த அந்தக் கருவி, கைமாறக் கைமாறப் பயன் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை.

நமக்கு ஒரு கணக்கு

இதுவரை கண்டவற்றை ஒன்றுகூட்டிப் பார்ப்போம். ஹெர்ஷல் கோளைக் கண்டதும் 6 அங்குலம், சந்திரருக்கு இரவலாக வந்ததும் 6 அங்குலம், இன்று ரூ.40,000க்குள் கிடைப்பதும் 6 அங்குலம். ஒருத்தி தனியே வாங்க நினைத்தால் அது பெரும் தொகைதான். பல குடும்பங்களுக்குப் பல மாதச் சாப்பாட்டுச் செலவு. அதைக் கடன்பட்டு வாங்குவது அறிவுடைமையன்று. ஆனால் 800 மாணவியர் பயிலும் பள்ளி ஒன்று அதை வாங்கினால் தலைக்கு ரூ.50தான் ஆகும். நன்றாகப் பேணினால், அடுத்தடுத்து வரும் தங்கைமார்க்கு அச்செலவும் இல்லை.

அதைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை மட்டும் நினைவிருக்கட்டும். தொலைநோக்கி வழியாகவோ இருகண் நோக்கி வழியாகவோ சூரியனை ஒருபோதும் பார்க்கலாகாது. நொடிப்பொழுதில் கண் பார்வை போய்விடும்.

ஆகவே, வானியல் ஆர்வலர்கள் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. 12,000 பவுன் செலவிட்டவரும் உண்டு. பழங்கண்ணாடியோடு முடித்துக்கொண்டவரும் உண்டு. பணம் ஒளியை வாங்கித் தரும். பார்க்கும் பழக்கத்தை வாங்கித் தராது. அப்பழக்கம் இரவு இரவாகச் சேர்வது. அலமாரியில் தூசி படியும் விலையுயர்ந்த தொலைநோக்கியைவிட, பலர் கைபட்டுத் தேய்ந்த சிறு தொலைநோக்கியே மேலானது. வானத்தை இறைவன் யாருக்கும் சீட்டு வாங்காமல் திறந்து வைத்திருக்கிறார். அங்கே நுழையும் வாயிலை நாம் பங்கிட்டுக்கொண்டால் போதும். நம்முள் எந்த மாணவியும் வெளியே நிற்க வேண்டியதில்லை.