சித்திர சபைக்கு ஒரு கைபேசி வழிகாட்டி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் கூட்டம் அருவிக்கரையில்தான். சித்திர சபைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நடராசரின் ஐந்து சபைகளில் அவர் ஓவியமாகவே வணங்கப்படும் இடம் இது. சுற்றுச்சுவர்களிலும் புராணக் காட்சிகள். சிலர் கும்பிட்டுவிட்டு இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். ஓவியம் படிக்கும் மாணவிக்கோ ஒரு சுவருக்கு அரை நாள் போதாது. இருவருக்கும் ஒரே விளக்கப் பலகை எப்படிப் பொருந்தும்?

இத்தாலியின் திரெந்தோ நகர ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் ‘பீச்’ என்ற திட்டத்தில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு கோட்டையின் ‘கழுகுக் கோபுரத்தில்’ 1400 வாக்கில் தீட்டிய மாத ஓவியங்கள் இருக்கின்றன. சனவரியில் பிரபுக்கள் பனியுருண்டை எறிந்து விளையாடுகிறார்கள். அக்டோபரில் திராட்சை பிழிகிறார்கள். மார்ச் மட்டும் இல்லை, தீயில் அழிந்துவிட்டது.

பார்வையாளர் கையில் ஒரு சிறிய கணினி. எந்த ஓவியத்தின் முன் நிற்கிறார் என்பதை அகச்சிவப்புக் கதிர் சொல்லிவிடும். திரையின் அடியில் சிரித்த முகத்துக்கும் சுளித்த முகத்துக்கும் நடுவே ஒரு முள்; பிடித்திருந்தால் சிரிப்புப் பக்கம் நகர்த்தலாம். வேட்டைக் காட்சிக்கு முள் சிரிப்புப் பக்கம் போனால், அடுத்த ஓவியத்திலும் பிரபுக்களின் பொழுதுபோக்கு விரிவாக வரும். விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினாலும் கருவி குறித்துக்கொள்ளும். கடைசியில் அவரவர் பார்த்ததை வைத்து ஓர் அறிக்கையும் அச்சாகும்.

அவரவருக்கு ஒரு விளக்கம் என்பது பழைய கருவிகளில் கிடையாது. 1952இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் சிற்றலை வானொலியில் விளக்கம் ஒலிபரப்பியபோது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

‘பீச்’ கருவியில் இருந்ததுபோன்ற முள்ளை நகர்த்தாவிட்டாலும், பார்வையாளரின் விருப்பத்தை அவர் நடை காட்டிக்கொடுத்துவிடும். 1983இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று பார்வையாளர்களை எறும்பு, மீன், பட்டாம்பூச்சி, வெட்டுக்கிளி என்று பிரித்தது. எறும்பு ஒன்றுவிடாமல் பார்க்கும். மீன் நடுவிலேயே நீந்திப் போய்விடும். வெட்டுக்கிளி தனக்குத் தெரிந்ததை மட்டும் தாவிப் பிடிக்கும்.

சித்திர சபைக்கு இதைக் கொண்டுவரக் கருவி பெரிய தடையில்லை. கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் கைகொடுக்காது. சின்ன புளூடூத் சமிக்ஞைக் கருவியோ கியூஆர் கோடோ போதும். வேலை எழுத்தில்தான். ஒவ்வொரு காட்சிக்கும் குழந்தைக்கு ஒன்று, பக்தருக்கு ஒன்று, ஓவியம் தெரிந்தவருக்கு ஒன்று என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். (சீசனில் பாதி செல்போன்கள் அருவிக்கரையில் பை காப்பவரிடம் இருக்கும் என்பது வேறு விஷயம்.)

இன்னொரு சிக்கலும் உண்டு. இக்கருவிகள் பெரும்பாலும் தனி ஆளுக்கானவை. குற்றாலத்துக்கோ பாட்டி முதல் பேரன் வரை வேனில் சேர்ந்து வருகிறார்கள். ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ஹெக்ட் அருங்காட்சியகத்தில் இதற்காகவே சிறு குழுக்களாக வந்தவர்களை ஆராய்ந்தார்கள். யார் யாரோடு நிற்கிறார், எப்போது பிரிகிறார் என்பதைக் கருவி கவனித்தது. பேரன் ஒரு சுவரிலும் பாட்டி நடராசர் முன்பும் நிற்கும்போது தனித்தனியாகப் பேசி, இருவரும் ஒன்றுசேர்ந்ததும் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த கருவிதான் இங்கே எடுபடும்.