கண் மங்கினால் கால் இடறும்

முதியவர் ஒருவர் இடறி விழுந்துவிட்டால், "வயதாகிவிட்டது, கால் தள்ளாடுகிறது" என்று கூறி அமைதியடைவது நம் கிராமங்களில் வழக்கம். பல சமயங்களில் பிழை காலில் மட்டுமன்று, கண்ணிலும் இருக்கிறது. பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதனை உணர்ந்துகொண்டால் பல குடும்பங்களின் துயரத்தைத் தவிர்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பிலிருந்த ஒன்றியத்தில் ஒரு சிற்றூருக்குச் சிமெண்டுச் சாலை போடப்பட்டது. சாலை மட்டம் உயர்ந்ததால் வீட்டு வாயில்களில் புதிதாகப் படி கட்ட நேர்ந்தது. எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அந்தி வேளையில் திரும்புகையில் அப்படியில் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து பல மாதம் படுக்கையில் கிடந்தார். ஐம்பது ஆண்டுகளாக அவர் கால் பழகிய வாயில் அது. சாலையும் சாம்பல் நிறம். படியும் சாம்பல் நிறம். புரை படர்ந்த அவர் கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரியவேயில்லை. அவ்வேலையைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்டவன் நானே. அளவுகள் யாவும் சரியாக இருந்தன. முதியவர் கண்ணைத்தான் நான் நினைக்கத் தவறினேன்.

மேடு பள்ளத்தை நாம் அறிவது இரு கண்களும் சேர்ந்து காண்பதாலும், ஒளி நிழல் வேறுபாட்டாலுமே ஆகும். புரை படர்ந்தால் இவ்வேறுபாடு மங்கிவிடும். நோயே இல்லாவிடினும், அறுபது வயதில் விழித்திரையைச் சேரும் ஒளி இருபது வயதில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனவே, இளைஞருக்குப் போதுமான விளக்கு முதியவருக்குப் போதாது. வெயிலிலிருந்து வீட்டிற்குள் நுழைந்ததும் அவர் கண் பழகுவதற்குக் கூடுதல் நேரமும் வேண்டும்.

"புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பது பழைய எண்ணம். இன்று அவ்வாறு காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2005இல் வெளியாயிற்று. முதற்கண்ணில் விரைவில் அறுவை செய்துகொண்டவர்கள், காத்திருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே விழுந்தனர். நம் நாட்டில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976 முதல் நடந்து வருகிறது. அரசு மருத்துவமனைகளிலும் கண் முகாம்கள் வாயிலாகவும் இவ்வறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது.

மூக்குக் கண்ணாடியிலும் கவனம் வேண்டும். மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி படிப்பதற்குமாக அமைந்த கண்ணாடியில், காலடியிலுள்ள படி கீழ்ப்பாதி வழியே மங்கலாகத் தெரியும். வெளியே நடமாடுவோர் தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடியைத் தனியே வைத்துக்கொள்வது நலம். புதுக் கண்ணாடி அணிந்த முதற்சில வாரங்களில் படிகளில் நிதானம் தேவை. நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாகத் தோன்றினாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்ளவேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை எளியவை. நியாயவிலைக் கடை, பஞ்சாயத்து அலுவலகம், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றின் படி விளிம்புகளில் மஞ்சள் அல்லது வெள்ளைக் கோடு தீட்டுக. கைப்பிடிக் கம்பி பொருத்துக. படிக்கட்டு உள்ள இடங்களில் தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்க. கிராம சபை கூடும்போது அறுபது வயது கடந்தோரின் பட்டியல் எடுத்து, அவர்களைக் கண் முகாமுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்க. வீடுகளில் வாயிற்படி விளிம்பில் சுண்ணாம்புக் கோடு இடுவதும், இரவில் கழிப்பறை செல்லும் வழியில் சிறு விளக்கு வைப்பதும் யாவராலும் இயலும்.

அம்மூதாட்டிக்குப் பின்னர்க் கண் அறுவை நடந்தது. இன்று அவர் கோலூன்றி நடக்கிறார். அத்தெருவின் படிகளுக்கெல்லாம் மஞ்சள் கோடும் தீட்டப்பட்டுவிட்டது. ஒரு டப்பா வண்ணத்தில் முடிந்த வேலை அது. அவர் விழுந்த பிறகு செய்தோம். உங்கள் ஊரில் எவரும் விழுமுன்னரே செய்யுங்கள்.