சுண்ணக்கல்லும் எரிமலைக்கல்லும்

அறுவாக்காட்டிலிருந்து புகைவண்டியில் புத்தளத்துப் பாலாவி சீமெந்து ஆலைக்கு வரும் சுண்ணக்கல், மயோசின் காலக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் படிவுகளும் இறுகி உருவான கல்சியம் காபனேற்று ஆகும். அதனைச் சூளையில் சுடும்போது, எரிபொருளின் புகை தவிர, தூய கல்லாயின் 100 கிலோகிராமுக்கு 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டு கல்லிலிருந்தே வெளியேறுகிறது.

இதற்கு நேர்மாறான வேலையைச் செய்யவல்லது, எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகிய கரும்பாறையான பசால்ட்டு. ஐஸ்லாந்தின் ஹெலிஷெய்டி புவிவெப்ப மின்நிலையத்துக்கு அருகே, கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தினர் 2012இல் இவ்வாயுவை நீரில் கரைத்து, ஏறக்குறைய சோடா நீராகவே, நிலத்தடிப் பசால்ட்டினுள் செலுத்தினர். அமிலத்தன்மை கொண்ட அந்நீர் பாறையை அரித்துக் கல்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றைப் பிரித்தெடுக்க, அவை காபனோடு சேர்ந்து பாறைத் துளைகளில் காபனேற்றுக் கனிமங்களாகப் படிந்தன. செலுத்தியதில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டது இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாயிற்று என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஒரு தொன் வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 தொன் நீர் வேண்டும் என்பது, புத்தளம் போன்ற வறண்ட வலயத்துக்குச் சிறிய தடையன்று.

பாலாவியின் நிலத்தடியில் இருப்பதோ படிவுப்பாறை. இந்தியாவின் தக்காணப் பீடபூமியில் 6.6 கோடி ஆண்டுகள் பழமையான பசால்ட்டு பரந்து கிடக்கிறது. இலங்கையிலோ, காபனைப் பிணைக்கவல்ல மக்னீசியம் செறிந்த சேர்பன்டைன் பாறை அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உஸ்ஸங்கொடவில் வெளித்தெரிகிறது. அவ்விடம் 2010 முதல் தேசியப் பூங்காவாகும்.