மனநல டாக்டரிடம் முதல் நாள்: என்ன நடக்கும்?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 45. கணவர் இறந்து ஓராண்டு ஆகிறது. அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை. சோறு இறங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். ஒரு நாள், "இனி இருந்து என்ன பயன்?" என்று முணுமுணுத்தாள். மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டாக்டரிடம் போகலாம், வாம்மா" என்றாள் மகள்.

"எனக்கென்ன பைத்தியமா? நாலு பேருக்குத் தெரிந்தால் உன்னை யார் கட்டிக்கொள்வான்?" என்றாள் தாய்.

பல வீடுகளில் பேச்சு இதோடு நின்றுவிடுகிறது. உள்ளே போனால் என்ன செய்வார்களோ என்ற பயமும் ஒரு காரணம். என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

யாரிடம் போவது?

மனநல டாக்டர் மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தருவார். மன ஆலோசகர் மாத்திரை தரமாட்டார். பேச்சின் மூலமே உதவுவார். சிலருக்கு ஒருவர் போதும். சிலருக்கு இருவரும் வேண்டும்.

என்ன கேட்பார்கள்?

சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். முதல் நாளில் பெரும்பாலும் கேள்விகள்தான். என்ன தொந்தரவு? எத்தனை நாளாக? தூக்கம் எப்படி? பசி எப்படி? வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?

"உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா?" என்றும் கேட்கலாம். பதற வேண்டாம். பலரிடமும் கேட்கும் கேள்விதான். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உண்மையைச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தரலாம். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் மனம் சோர்ந்து போகும்.

எப்படிச் சொல்வது?

"எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை" என்று தொடங்கலாம். அழுகை வந்தால் அழலாம். எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்ட வேண்டியதில்லை.

ஆலோசகரிடம் பொதுவாக முக்கால் மணி நேரம் பேசலாம். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், நேரம் குறைவு. ஆகவே முக்கியமானதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வெளியே தெரியுமா?

நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். உயிருக்கு ஆபத்து, கோர்ட்டு உத்தரவு போன்ற சில நிலைமைகளில் மட்டுமே விலக்கு உண்டு.

உடனே குணமாகுமா?

முதல் நாள் சிலருக்கு மனம் லேசாகும். சிலருக்கு முன்னைவிடக் கனக்கும். புண்ணைக் கழுவினால் எரியத்தானே செய்யும்? அதற்காக நின்றுவிடாதீர்கள். பேச்சு வைத்தியம் பல வாரங்கள் நடக்கும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவும் சில வாரங்கள் ஆகும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. ஆலோசகரோடு மனம் ஒட்டவில்லை என்றால், வேறொருவரிடம் போகலாம். அதில் தவறில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"உள்ளே என்ன சொன்னாய்?" என்று துருவாதீர்கள். "இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் சொன்னால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. போகத் தயக்கமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

அந்த மகள் தன் தாயிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கட்டும்:

"ஒரே ஒரு தடவை வாம்மா. நீ பேசி முடிக்கும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்."