டேஷ் கேம்: கார் நிறுவனத்தின் கேமராவா, வெளிக்கடைக் கேமராவா?

டேஷ் கேம் என்பது காரின் முன்பக்கக் கண்ணாடியில் உட்புறமாகப் பொருத்தப்படும் சிறு கேமரா. வண்டி ஓடும் நேரமெல்லாம் அது எதிரே உள்ள சாலையைப் படம்பிடித்துக்கொண்டே இருக்கும். பதிவுகள் ஓரிரு நிமிடத் துண்டுகளாக மெமரி கார்டில் சேரும். கார்டு நிரம்பியதும் மிகப் பழைய துண்டு அழிந்து, அந்த இடத்தில் புதியது பதிவாகும். மோதல் போன்ற அதிர்ச்சியை உணர்ந்தால் அந்த நேரத்துத் துண்டை மட்டும் அழியாதபடி கேமரா தானாகவே பூட்டி வைத்துக்கொள்ளும்.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் பகுதிக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. அந்தக் காட்சி உலகம் முழுவதும் பரவக் காரணம், அங்கே ஏராளமான கார்களில் டேஷ் கேம் இருந்ததே. இந்தியாவில் கார் நிறுவனமே கேமராவைப் பொருத்தித் தரும் வழக்கம் சில ஆண்டுகளாகத்தான் பரவி வருகிறது. ஹூண்டாய் நிறுவனம் 2022 செப்டம்பரில் வென்யூ என் லைன் வண்டியிலும், 2023 ஜூலையில் எக்ஸ்டர் வண்டியிலும் இதைக் கொடுத்தது. எக்ஸ்டரின் எல்லா வகைகளிலும் இது கிடையாது. விலை கூடிய வகையில்தான் உண்டு. அப்போதைய வென்யூவும் எக்ஸ்டரும் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரானவை என்பதால் தென்சென்னைப் புறநகருக்கு இவை நன்கு பழகிய வண்டிகள்.

"கம்பெனி கேமரா" என்று எதைச் சொல்கிறோம்?

இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, ஆலையிலேயே பொருத்தப்பட்டு வண்டியின் விலையில் அடங்கிய கேமரா. மற்றொன்று, வண்டியை எடுக்கும் நாளில் ஷோரூமில் "ஜெனியூன் ஆக்சசரி" என்று தனி பில் போட்டு மாட்டித் தருவது. இரண்டாவதன் மேல் கார் நிறுவனத்தின் முத்திரை இருக்கலாம். ஆனால் பொருத்துபவர் ஷோரூமின் ஆக்சசரி பணியாளர். மூன்றாவது வகைதான் வெளிக்கடைக் கேமரா: 70மாய், கியூபோ, டிடிபாய், வியோஃபோ போன்ற பெயர்களில் வருவது. அண்ணாசாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இணையத்திலும் இவை கிடைக்கின்றன.

காப்பீட்டில் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். வண்டியின் பட்டியல் விலையில் அடங்காத மின்சாதனம் எதுவானாலும் அதைத் தனியாக அறிவித்து, அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும் என்பது மோட்டார் காப்பீட்டு விதி. அறிவிக்காமல் விட்டால், திருடு போனாலும் உடைந்தாலும் அதற்கென்று பணம் கிடைக்காது. ஷோரூமில் தனி பில்லில் மாட்டிய கேமராவுக்கும் இது பொருந்தும். முத்திரையை நம்பிப் பலர் இதைக் கவனிப்பதில்லை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

என் கருத்தில் இந்தத் தேர்வில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆலையில் பொருத்திய கேமராவுக்கான ஒயர், வண்டியை வடிவமைக்கும்போதே வழி வகுக்கப்பட்டு, உரிய ஃபியூஸோடு வருகிறது. வெளிக்கடைக் கேமராவுக்கு மூன்று வழிகள் உண்டு: டேஷ்போர்டில் உள்ள சார்ஜர் சாக்கெட்டில் செருகுவது, ஃபியூஸ் பெட்டியில் ஓர் இணைப்பான் வைத்து எடுப்பது, ஏற்கெனவே ஓடும் ஒயரை வெட்டி ஒட்டுவது. முதலிரண்டும் பாதுகாப்பானவை. மூன்றாவதை எந்தச் சூழலிலும் அனுமதிக்கக் கூடாது. வெட்டி ஒட்டிய இடத்தில் டேப் இளகி ஒயர் உரசினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தவிர, அங்கீகரிக்கப்படாத மின் இணைப்பால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று கார் நிறுவனங்கள் பொதுவாக எழுதியே வைத்திருக்கின்றன.

ஒயர் போகும் பாதையும் முக்கியம். எக்ஸ்டர் உட்பட இன்று பல வண்டிகளில் ஆறு ஏர்பேக்குகள் உள்ளன. அவற்றில் திரைபோல விரியும் பக்கவாட்டு ஏர்பேக், கதவுகளுக்கு மேலே கூரையோரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். முன்கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக ஒயரைக் கீழே இறக்கும்போது அது ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் குறுக்கே கிடந்தால், விபத்தின்போது ஏர்பேக் விரிவதை அது தடுக்கலாம்; ஒயரோ மூடியோ பயணியின் முகத்தில் அடிக்கவும் கூடும். கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன் "ஒயரை எந்தப் பக்கமாக விடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் அந்தக் கடை வேண்டாம். ஓட்டுநர் உதவிக்கான கேமராவோ உணரியோ முன்கண்ணாடியின் நடுவில் உள்ள வண்டிகளில் அதை மறைக்காமல் மாட்டுவதும் அவசியம்.

எண் பலகை தெரியுமா?

தெளிவில் வெளிக்கடைக் கேமராவுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு சிறு கணக்கு போட்டால் காரணம் புரியும். முழு ஹெச்டி படத்தில் அகலவாக்கில் 1920 புள்ளிகள் உள்ளன. லென்ஸ் 140 பாகை அகலத்தைப் பார்த்தால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 14 புள்ளிகள். கார் எண் பலகையின் நீள வடிவம் 500 மில்லிமீட்டர் அகலமுடையது. 10 மீட்டர் தொலைவில் அது சுமார் 2.9 பாகை, அதாவது 40 புள்ளிகள் அளவே தெரியும். அதில் பத்து எழுத்துகள் அடங்க வேண்டும். ஓர் எழுத்துக்கு நான்கு புள்ளிகள் போதவே போதாது. 5 மீட்டரில் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம். 4கே கேமராவில் அகலவாக்கில் 3840 புள்ளிகள் இருப்பதால் அதே தெளிவு 10 மீட்டரிலேயே கிடைத்துவிடும்.

இருசக்கர வாகனத்தின் பின்பலகை 200 மில்லிமீட்டர்தான். பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் அனகாபுத்தூரைக் கடக்கும்போது பக்கத் தெருவிலிருந்து சட்டென்று குறுக்கே வருவது பெரும்பாலும் பைக்தான். ஆகவே இந்தப் பக்கம் ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் தெளிவு வெறும் ஆடம்பரமல்ல. எக்ஸ்டரில் உள்ளது முழு ஹெச்டி கேமரா. அதன் இரண்டாவது லென்ஸ் வண்டியின் உட்புறத்தைப் பார்க்கிறது. பின்னால் வந்து இடிப்பவரைப் படம்பிடிக்க வேண்டுமானால் பின்கண்ணாடியில் தனிக் கேமரா தேவை. அது வெளிக்கடை வகைகளில் எளிதாகக் கிடைக்கும்.

தெளிவு கூடினால் கார்டு வேகமாக நிரம்பும். முழு ஹெச்டி பதிவு நொடிக்கு 15 மெகாபிட் என்றால் மணிக்கு 6.75 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டில் ஒன்பது மணி நேரம் நிற்கும். 4கே பதிவு நொடிக்கு 40 மெகாபிட் என்றால் மூன்றரை மணி நேரம்தான். கால் டாக்சி ஓட்டுபவருக்குக் காலையில் நடந்தது மதியத்துக்குள் அழிந்துவிடும். அவர்கள் 128 ஜிபிக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கைபேசிக்கான சாதாரண கார்டு ஓயாமல் எழுதி அழிக்கும் வேலையைத் தாங்காது. "ஹை எண்டியூரன்ஸ்" என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குக.

சென்னை வெயில்

மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 பாகை செல்சியஸை நெருங்கும். லித்தியம் பேட்டரிகளை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மலிவான கேமராக்களின் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி உப்பி, கேமரா செயலிழப்பது இதனால்தான். அதற்குப் பதிலாக சூப்பர் கெப்பாசிட்டர் உள்ள கேமரா வெப்பத்தை நன்றாகத் தாங்கும். வண்டியை அணைத்ததும் கடைசித் துண்டைச் சேமித்து முடிக்கும் அளவு மின்சாரமே அதில் நிற்கும். வேலைக்கு அது போதும். பெட்டியின் மேல் 4கே என்று பெரிதாகப் போடுபவர்கள் இதைப் பொடி எழுத்தில்தான் போடுவார்கள்.

நிறுத்திய வண்டியைக் காவல் காக்கும் "பார்க்கிங்" பதிவு வேண்டுமானால் ஃபியூஸ் பெட்டி இணைப்பு தேவை. கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளில் 7.2 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்புப் பெட்டி இல்லாமல் இந்த வசதியைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

எதை வாங்கலாம்?

கேமராவுக்காக மட்டும் வண்டியின் விலை கூடிய வகைக்குப் போவது வீண்செலவு. நீங்கள் எடுக்கும் வகையில் ஆலைக் கேமரா இருந்தால் அதுவே போதும். ஒயர் பற்றிய கவலை இல்லை, வாரண்டிச் சிக்கல் இல்லை. ஷோரூம் ஆக்சசரிக்குக் கூடுதல் விலை சொன்னால், ஒயர் வேலைக்கான வாரண்டியை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அந்தக் கூடுதல் விலைக்குப் பொருளில்லை. பழைய வண்டிக்கு, சூப்பர் கெப்பாசிட்டர் உள்ள வெளிக்கடைக் கேமராவை சாக்கெட்டில் செருகிப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

பதிவு சாட்சியமாக

ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 மே 15 அன்று, தொடர்ந்து படம்பிடிப்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானாலும், விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைப் பற்றியது. நகல் எடுத்துக் கொடுத்தால் உரிய சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது அந்தக் கோப்புக்கே உரிய கைரேகை போன்ற எண், குறிக்கப்பட வேண்டும். ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்குவதால் அப்போதும் மாறிவிடும்.

ஆகவே விபத்து நடந்ததும் ஆட்கள் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றி ஓர் உறையில் வைத்துவிட வேண்டும். கேமரா ஓடிக்கொண்டே இருந்தால், அதிர்ச்சியில் பூட்டப்படாத துண்டுகள் வீடு போய்ச் சேர்வதற்குள் அழிந்துவிடலாம். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதை மாதம் ஒருமுறை பாருங்கள். நேரம் தவறிய பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் கேள்விக்குள்ளாக்குவார். அதே நாளில் பழைய துண்டு ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தால் கார்டு வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.