செவிக்கும் ஒரு சாதகம்

நம் நாட்டிலே பேசுவோருக்கும் பாடுவோருக்கும் பஞ்சமில்லை, கேட்போருக்கே பஞ்சம். வள்ளுவர் கேள்விக்கென்று 42-ஆம் அதிகாரத்தை வகுத்து வைத்தார். நாமோ ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே ரயில் பாதையை அடுத்துள்ள சோமனூரில் இந்தப் பஞ்சம் உவமையன்று, உண்மையே. அங்கே தறிக்கூடத்தில் ஒருவர் சொல்வதை மற்றவர் உதட்டசைவாலும் கைஜாடையாலுமே அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் சத்தமே வரம்பு என்பது தொழிற்சாலை விதி. நாடா அடிக்கும் பழைய விசைத்தறிகள் அவ்வரம்பைத் தாண்டுவது சர்வசாதாரணம். வீட்டோடு ஒட்டிய சிறு கூடங்களை அவ்விதி எட்டிப் பார்ப்பதோ அரிது. 2025 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கூலி உயர்வு கோரித் தறிகள் நிறுத்தப்பட்டபோது ஊரில் நிலவிய அமைதி பசியின் அமைதி. ஓடினால் செவிக்குக் கேடு, நின்றால் வயிற்றுக்குக் கேடு என்ற இந்த ஊரிலே சங்கீதத்தைப் பற்றிப் பேசுவது பரிகாசமென்று சில நண்பர்கள் கருதலாம். நம் அபிப்பிராயம் வேறு.

1970-இல் வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்து, அமெரிக்காவின் ஸான் டீகோ சர்வகலாசாலை வளாகத்தில் ஒரு மாணவர் தீக்குளித்து மாண்டார். அங்கே சங்கீதம் போதித்து வந்த பாலின் ஒலிவெரோஸ் அம்மையார் அக்காலத்திலே கச்சேரி முறையை விட்டு விலகி, சில பெண்களை வட்டமாக அமர்த்திப் புதியதொரு பரீட்சையில் இறங்கினார். 1974-இல் வெளிவந்த அவருடைய 'ஒலித் தியானங்கள்' என்ற தொகுதியில் சுரக்குறிப்பே கிடையாது. செய்ய வேண்டியதைச் சொல்லும் சில வாக்கியங்கள் மட்டுமே உண்டு. அவர் அமைத்த பயிற்சிகளுள் ஒன்று இது: ஒரு மூச்சில் மனத்துக்கு இசைந்த சுரமொன்றைப் பாட வேண்டும்; அடுத்த மூச்சில் வட்டத்தில் வேறொருவர் பாடும் சுரத்தைக் கேட்டு, அதனோடு இம்மியும் பிசகாமல் சேர வேண்டும். பிறகு மீண்டும் தமது சுரம். பாட்டே அறியாதவரும் இதைச் செய்யலாம். கேளாதவர் மட்டும் செய்ய இயலாது.

1988-இல் அம்மையாரும் இரு நண்பர்களும் வாஷிங்டன் மாகாணத்தில் 14 அடி ஆழத்திலிருந்த பழைய நீர்த்தொட்டிக்குள் இறங்கி வாசித்தனர். எழுப்பிய ஒலி அடங்க அங்கே 45 விநாடி ஆகும். தாம் முன்பு எழுப்பிய ஒலிக்குத் தாமே பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது! நம் மேடைப் பிரசங்கிகளை ஒருமுறை அங்கே அனுப்பி வைத்தால் நன்மை உண்டாகும்.

கொங்கு நாட்டாருக்கு இது அந்நியச் சரக்கன்று. வள்ளி கும்மியில் ஆசிரியர் பாட, சுற்றி நிற்போர் வாங்கிப் பாடி, கைகொட்டி அடவு மாற்றுகிறார்கள். அடவு மாறும் தருணத்தை உணர்த்துவது செவி. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் இக்கலையைப் பெண்களுக்கும் பயிற்றிய பத்ரப்பனுக்கு 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி, ஒலிபெருக்கியின் முழக்கத்துக்கு அடவு போடச் செய்யும்போது பக்கத்தில் நிற்பவளின் கைத்தாளம் எவள் காதில் விழும்? கூட்டம் பெருகியது, வட்டம் மறைந்தது.

காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் காத்தார்; பிரார்த்தனையிலே யாவரையும் ஒரு குரலாகப் பாடவும் செய்தார். அவருடைய பெயரை உச்சரிக்கும் நம் ஊழியர்கள் இரண்டாவதைப் பற்றிக்கொண்டு முதலாவதை நழுவ விட்டனர். நீதிமன்ற விசாரணைக்கு ஆங்கிலத்தில் 'கேட்டல்' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்கும் அப்பெயரைச் சூட்டலாம் எனத் தோன்றுகிறது. பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர், கூலிக்கு நெய்யும் தறிக்காரர், தறியோட்டும் தொழிலாளி ஆகிய மூவரும் தத்தம் சுரத்தையே உரக்கப் பாடிக் கலைவதை நாம் பலமுறை கண்டாயிற்று.

வட்டத்தில் அமர்ந்தால் கூலி உயர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு ஒப்பந்தமும், அதை அமல் நடத்தும் சர்க்காரும் வேண்டும். ஆனால் சோமனூர்த் தேசபக்தர்கள் தறிகள் ஓய்ந்திருக்கும் வாராந்தர விடுமுறை மாலையில் இம்முயற்சியைத் தொடங்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். ஒரு களத்து மேடும் இருபது பேரும் போதும். அந்த இருபதில் மேற்சொன்ன மூன்று வகுப்பாரும் இருப்பது அவசியம். மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். முதல் கால்மணி நேரம் யாரும் வாய் திறவாது, தெருவில் கேட்பதையெல்லாம் கேட்கட்டும். பிறகு முதல் குரல் தறியோட்டுபவருடையதாக இருக்கட்டும். தலைவர்கள் கடைசியில் சேர்ந்துகொள்ளலாம்.